உதடு வெடித்த கதை இருந்தால் சொல்லுங்கள்

பர்சாத்திவாசி:

மார்கழி பிறந்தாலே எனக்கு இந்த ஞாபகம் வந்துவிடுகிறது. இந்த வருஷமாவது எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். 2009 டிசம்பர், டெல்லி, எனக்கு முதல் குளிர். மொட்டைமாடியில் ஒற்றை அறை, அங்கே பர்சாத்தி என்பார்கள். ராத்திரி முழுக்க ஹீட்டர். ஒரே வாரத்தில் கீழுதட்டில் நட்டநடுவே ஒரு கோடு விழுந்துவிட்டது. அந்தக் கோடு வந்தவர்களுக்குத் தெரியும்: கொட்டாவி விட முடியாது, ஊறுகாய் தொட முடியாது, 'ப' வருகிற வார்த்தையைக்கூட யோசித்துத்தான் பேச வேண்டும்.

வீட்டுக்காரரின் அம்மா, மாதாஜி என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். வெயில் காய மாடிக்கு வந்தவர் என் உதட்டைப் பார்த்துவிட்டு, கீழே போய் ஒரு தட்டில் முள்ளங்கிப் பராத்தா கொண்டுவந்தார். மேலே வெண்ணெய். கூடவே ஒரு சின்ன சீசாவில் கடுகெண்ணெய். ராத்திரி படுக்கும்போது மூன்று சொட்டு விடு என்றார். உதட்டிலா என்று கையைக் காட்டிக் கேட்டேன். இல்லை என்று தலையாட்டிவிட்டு, ஸ்வெட்டருக்கு மேலேயே என் தொப்புளைச் சரியாகக் கண்டுபிடித்து விரலால் ஒரு குத்து குத்தினார். "நாபி மே!"

சிரித்துவிட்டேன். வாய்விட்டு. சிரித்த வேகத்தில் கோடு பிளந்து, ஒரு சொட்டு ரத்தம் வெண்ணெயில் விழுந்தது. வெள்ளையில் சிவப்பு கசிந்து பரவியது இன்னும் கண்ணில் நிற்கிறது. வலியில் வாயைப் பொத்திக்கொண்டேன். சிரிப்பை மறைக்கத்தான் பொத்துகிறேன் என்று அவர் நினைத்திருக்க வேண்டும். ஒன்றும் சொல்லாமல் கீழே போய்விட்டார். சீசாவை மட்டும் எடுத்துக்கொள்ளவில்லை.

அன்று ராத்திரி மூன்று சொட்டு விட்டேன். பனியன் மஞ்சளானது. நாலைந்து நாளில் உதடும் ஆறியது. ஆனால் அந்த நாலைந்து நாளும் மெஸ் நெய்யை உதட்டிலும் தடவிக்கொண்டிருந்தேன், அதனால் எது வேலை செய்தது என்று தெரியவில்லை. பிப்ரவரியில் அறை மாறிவிட்டேன். ஆறிவிட்டது மாதாஜி என்று ஒரு வார்த்தை போய்ச் சொல்லவில்லை.

குட்டிவால் அம்மா:

என் கதையில் நான்தான் வில்லி. பையனுக்கு ஐந்து வயது, பெங்களூர், ஜனவரி. நாக்கால் உதட்டை நக்கிக்கொண்டே இருப்பான். உதடு மட்டும் இல்லை, நாக்கு எட்டுகிற தூரம் வரைக்கும், காம்பஸ் வைத்துப் போட்ட மாதிரி வாயைச் சுற்றி ஒரு வட்டம். முதலில் சிவந்தது, அப்புறம் கறுத்தது. ஸ்கூல் வேனில் 'ஜோக்கர்' என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். நக்காதே நக்காதே என்று ஒரு நாளைக்கு நூறு தடவை கத்துவேன். ஒரு தடவை அடித்தும் இருக்கிறேன்.

விரல் சூப்புகிற பிள்ளைக்கு வேப்பெண்ணெய் தடவுவோமே, அதையே தடவு என்றார் மாமியார். தடவினேன். வெடித்த உதட்டில் வேப்பெண்ணெய். அவன் துள்ளவில்லை, அழவும் இல்லை. கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நிற்க, "இது மருந்தாம்மா?" என்று கேட்டான். ஆமாம் என்றேன்.

அடுத்த வாரம் தோல் டாக்டர் என்னைத் திட்டவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. உதட்டுத் தோலுக்கு வியர்வையும் இல்லை, மற்ற இடத்தைப் போல எண்ணெய்ப் பசையும் கிடையாது. காய்ந்தால் எரியும், எரிந்தால் நக்கத் தோன்றும். எச்சில் காயும்போது இருந்த ஈரத்தையும் கொண்டுபோய்விடும். போதாததற்கு, சோற்றைச் செரிக்க வைக்கிற சமாச்சாரம் எச்சிலில் இருக்கிறதே, அது தோலையும் அரிக்கும். அவன் வேண்டுமென்றே செய்யவில்லை என்றார். வெறும் பெட்ரோலியம் ஜெல்லி, வாசனை கலக்காதது, அந்த வட்டம் முழுக்கக் கனமாகப் பூசச் சொன்னார், படுக்கும்போது கட்டாயம். வெடிப்பு பத்து நாளில் போனது, கறுப்பு போக மாதங்கள் ஆயின. இப்போது பத்தாவது படிக்கிறான், ஒன்றும் ஞாபகம் இல்லையாம். எனக்கு இருக்கிறது.

நாட்டுச்சர்க்கரை:

சகோதரிக்கு வணக்கம். பெட்ரோல் எடுத்த பிறகு மிஞ்சுகிற கசடைக் குழந்தை வாயில் பூசச் சொன்ன டாக்டரை என்ன சொல்வது? நம் வீட்டில் இல்லாத மருந்தா? எனக்கும் 1998-இல் கொடைக்கானலில் உதடு வெடித்தது, பாலாடை தடவினேன், சரியாகிவிட்டது.

பர்சாத்திவாசி அவர்களே, அந்த அம்மா சொன்னதில் சிரிக்க என்ன இருக்கிறது? தொப்புளில் 72,000 நாடிகள் கூடுகின்றன என்று பெரியவர்கள் சும்மா சொல்லவில்லை. கடுகெண்ணெய் நமக்குச் சூடு. நம் ஊருக்கு விளக்கெண்ணெய்தான். மூன்று சொட்டு, படுக்கும் முன், வலஞ்சுழியாக. அத்துடன் உதடு வெடிப்பது உதட்டு நோயே அல்ல, வயிற்றுச் சூடு. காலையில் வெறும் வயிற்றில் இரண்டு தம்ளர் தண்ணீர், மொத்தம் மூன்று லிட்டராவது குடிக்க வேண்டும். மணத்தக்காளிக் கீரையைச் சிறுபருப்புடன் கூட்டு வைத்து வாரம் இரண்டு நாள். மோரைத் தாளிக்காமல் குடியுங்கள். பீட்ரூட் சாற்றில் தேன் குழைத்துத் தடவினால் நிறமும் வரும், பெண் பிள்ளைகளுக்கு லிப்ஸ்டிக் செலவு மிச்சம். உரிகிற தோலைச் சர்க்கரையும் தேனும் போட்டுத் தேய்த்து எடுத்துவிட வேண்டும். காபியை நிறுத்துங்கள். ஃபேனுக்கு நேர் கீழே படுக்காதீர்கள். வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறவர்கள் முதலில் மூக்கைக் கவனியுங்கள். இன்னும் நிறைய இருக்கிறது, வேண்டுமானால் தனியாக எழுதுகிறேன்.

கல்லாப்பெட்டி:

வேண்டாம்.

நான் தூத்துக்குடிப் பக்கம் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். நாட்டுச்சர்க்கரை சார், மூக்கும் ஃபேனும் சரி. மற்றதில் இரண்டை மட்டும் சொல்கிறேன். உரிகிற தோலைச் சர்க்கரை போட்டுத் தேய்த்தால் அடியில் பச்சைப்புண்தான் மிஞ்சும், தானாக விழ விட வேண்டும். விளக்கெண்ணெய் லிப்ஸ்டிக்கிலேயே இருக்கிறது, கெடுதல் இல்லை, ஆனால் சிலருக்கு அதுவே ஒத்துக்கொள்ளாமல் உதடு தடித்துவிடும். தேன்மெழுகும் சிலருக்கு அப்படித்தான். 'பெட்ரோல் கசடு' என்றீர்களே, 1859-இல் செஸ்பரோ என்கிற அமெரிக்கர் பென்சில்வேனியா எண்ணெய்க் கிணற்றுக்குப் போனபோது, அங்கே பம்புக் கம்பியில் ஒட்டுகிற மெழுகை வேலைக்காரர்கள் வெட்டுக்காயத்திலும் தீப்புண்ணிலும் பூசுவதைப் பார்த்தார். அதைச் சுத்தம் செய்து 1872-இல் வாஸ்லினுக்குக் காப்புரிமை வாங்கினார். அது உதட்டுக்கு ஈரம் கொடுக்காது, இருக்கிற ஈரத்தைப் போகவிடாமல் மூடும், அவ்வளவுதான். அதனால் முகம் கழுவி ஈரம் ஒற்றிய கையோடு பூச வேண்டும்.

சொல்ல வந்தது இதுவல்ல. உப்பளத்தில் வேலை செய்கிற பெரியவர் ஒருவர் கீழுதடு காய்கிறது என்று எட்டு மாதத்தில் நாலு தடவை வந்தார். நாலு தடவையும் ஜில்லென்று இருக்கிற தைலத்தைக் கொடுத்தேன், கற்பூரமும் புதினா உப்பும் போட்டது. உண்மையில் அது வெடித்த உதட்டை இன்னும் காயவைக்கும், ஆனால் ஜில்லென்று இருந்தால்தான் ஜனங்கள் மருந்து என்று நம்புகிறார்கள். மூன்றாம் தடவை வந்தபோது கட்டைவிரலால் உதட்டைத் தேய்த்துக் காட்டி, "உப்புத்தாள் மாதிரி இருக்கு தம்பி" என்றார். கவனித்திருக்க வேண்டும். உதடு எங்கே முடிகிறது, தோல் எங்கே ஆரம்பிக்கிறது என்று ஒரு விளிம்பு இருக்குமே, அது அவருக்கு அழிந்து போயிருந்தது. ஓரத்தில் வெள்ளையாக ஒரு திட்டு. முப்பது நாற்பது வருஷ வெயில், மேலே இருந்து ஒன்று, உப்பில் பட்டுத் திரும்பி வருவது ஒன்று. பீடி வேறு.

நாலாம் தடவை வந்தபோது பக்கத்தில் சில்லறைக்காக நின்ற டாக்டர் ஒருவர் பார்த்துவிட்டு, ஐயா இது வறட்சி இல்லை, பெரியாஸ்பத்திரிக்குப் போய்ச் சதை எடுத்துப் பாருங்கள் என்றார். பெரியவர் அவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். "நீங்க ஒண்ணும் சொல்லலியே தம்பி?"

தைலத்துக்கு வாங்கிய காசு என் கையில் இருந்தது.

இரண்டு மூன்று வாரத்தில் ஆறாத புண், தடிப்பு, வெள்ளைத் திட்டு எதுவாக இருந்தாலும் கடைக்காரனிடம் கேட்காதீர்கள்.

ஹாஸ்டல் புளிச்சோறு:

மேலே படித்துவிட்டு என் கதையைச் சொல்லவே வெட்கமாக இருக்கிறது, சின்னதுதான். பருவுக்கு ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை சாப்பிட்டேன். உதடு காயும் என்று டாக்டர் சொன்னார், இப்படிக் காயும் என்று சொல்லவில்லை. தோல் சீட்டுச் சீட்டாக வரும். வைவாவில் பதில் சொல்லிக்கொண்டிருந்தபோது ஒரு சீட்டு மேலுதட்டிலிருந்து தொங்கிக்கொண்டு 'ஃப' சொல்லும்போதெல்லாம் ஆடியது. வெளியிலிருந்து வந்த தேர்வாளர் கேள்வியை நிறுத்திவிட்டு அதையே பார்த்தார். அப்புறம் தன் உதட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். அந்த மாத்திரைக்கு உதடு காயாதவர்கள் அபூர்வமாம். எல்லோரும் ஒரு ஸ்ட்ராபெர்ரி லிப் பாம் பரிசு கொடுத்தார்கள், இனிப்பாக இருக்கிறதே என்று நக்கி நக்கியே இன்னும் மோசமானது.

ஒத்துக்காரன்:

அப்பா நாதஸ்வரம். தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு சிவன் கோயிலில் முறை. மார்கழி முப்பது நாளும் விடியற்காலை நாலரைக்குத் திருப்பள்ளியெழுச்சி. நாதஸ்வரத்தின் ஊதுகிற நுனியான சீவாளியை வாயில் வைத்து ஈரமாக்கிக்கொண்டே இருக்க வேண்டும், உதடும் ஈரமாகும், வெளியே பனிக்காற்று. நாலாம் நாளே உதடு பாளம் பாளமாகிவிடும். வெண்ணெய் தடவக் கூடாதா என்றால், எண்ணெய்ப் பசை இருந்தால் சீவாளி பிடி நிற்காது. ராத்திரி தடவிக்கொண்டு படுப்பார், எழுந்ததும் துண்டால் துடைத்துவிடுவார். துடைப்பதிலேயே பாதி தோல் போகும்.

எனக்கு அப்போது பதிமூன்று வயது, சுருதிக்கு ஒரே ஸ்வரம் பிடிக்கிற ஒத்து ஊதுவேன். (இப்போது சுருதிப்பெட்டி வந்துவிட்டது, அந்த வேலையே இல்லை.) பூபாளம் வாசித்துக்கொண்டிருக்கிறார், சந்நிதி திறக்கிறது, தீபாராதனை வெளிச்சம் அவர் முகத்தில் விழுகிறது. சீவாளி நுனி சிவப்பு. வாயோரத்திலும் சிவப்பு. குருக்கள் தட்டைப் பிடித்தபடியே, "என்ன ஓய், சந்நிதியிலேயே தாம்பூலமா?" என்றார். அப்பா வெற்றிலை போடுகிறவர்தான், ஊருக்கே தெரியும், ஆனால் வாசிக்க வருவதற்கு முன்னால் தொட மாட்டார்.

அப்பா வாசிப்பை நிறுத்தி, துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டு, "தப்புதான் சாமி" என்றார்.

அது ரத்தம் என்று நான் சொல்லியிருக்கலாம். ஒத்தை வாயிலிருந்து எடுத்தால் சுருதி நின்றுவிடும். எடுக்கவில்லை.

நாட்டுச்சர்க்கரை:

ஒத்துக்காரன் அவர்களே, தங்கள் தந்தையார் தொப்புளில் விளக்கெண்ணெய் விட்டிருந்தால் சீவாளிக்கும் இடைஞ்சல் இல்லை, உதட்டுக்கும் குளிர்ச்சி. இதைத்தான் நான் முதலிலிருந்து சொல்கிறேன். கல்லாப்பெட்டி அவர்கள் ஆங்கில மருந்து விற்கிறவர், அவர் அப்படித்தான் பேசுவார்.

குட்டிவால் அம்மா:

சார், கொஞ்சம் நிறுத்துங்கள். அவர் அப்பாவைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருக்கிறார். தொப்புள்கொடி விழுந்த பிறகு அந்த ரத்தக்குழாய்கள் உள்ளே வெறும் நாராகிவிடும், அங்கே விடுகிற எண்ணெய் உதட்டுக்குப் போக வழியே இல்லை. பிள்ளைக்கு வயிறு உப்பினால் தொப்புளைச் சுற்றி எண்ணெய் தடவுவோம், சூடாகக் கை படுவது இதமாக இருக்கும், அதை நான் மறுக்கவில்லை.

ஒத்துக்காரன், உங்கள் அப்பா இருக்கிறாரா?

ஒத்துக்காரன்:

2016-இல் போய்விட்டார். அந்தச் சீவாளி என்னிடம்தான் இருக்கிறது. கறை தெரியாது, சீவாளி எப்படியும் பழுப்புதானே.

பர்சாத்திவாசி:

ஆரம்பித்து வைத்துவிட்டு இரண்டு நாளாக வர முடியவில்லை. தொப்புளுக்கும் உதட்டுக்கும் சம்பந்தம் இல்லை என்றுதான் எனக்கும் படுகிறது. ஆனால் ஒன்று தோன்றுகிறது. எண்ணெய் விட்டபிறகு அதைக் கெடுக்கக் கூடாது என்று, அந்த நாலு நாளும் படுத்தபின் எழுந்து ஹீட்டரைக் கூட்டவில்லை. அதுகூடக் காரணமாக இருக்கலாம். நேற்று அந்தத் தெருவை மேப்பில் தேடினேன். வீடு இருந்த இடத்தில் நாலு மாடிக் கட்டிடம்.

கல்லாப்பெட்டி, அந்தப் பெரியவர் என்ன ஆனார்?

புதுவரவு:

வணக்கம் நண்பர்களே, மேலே எல்லாம் படிக்க நேரம் இல்லை. எனக்கு வாயின் இரண்டு ஓரமும் கிழிந்து எரிகிறது. தொப்புளில் எத்தனை சொட்டு?

கல்லாப்பெட்டி:

புதுவரவு, ஓரம் கிழிவது வேறு விஷயம். பூஞ்சையாக இருக்கலாம், இரும்புச்சத்தோ பி வைட்டமினோ குறைந்திருக்கலாம், பல்செட் தொளதொளவென்று இருந்தாலும் எச்சில் தேங்கி வரும். கடையில் பி காம்ப்ளெக்ஸ் கொடுப்பார்கள், சிறுநீர் மஞ்சளாகப் போகும், ஆறவில்லை என்றால் டாக்டரிடம் காட்டுங்கள். சொட்டு வேண்டாம்.

பர்சாத்திவாசி, பெரியவருக்குக் கீழுதட்டில் ஓரத்தை வெட்டி எடுத்துத் தைத்தார்கள். சீக்கிரம் பார்த்ததால் அதோடு போயிற்று என்று மகன் சொன்னான். இப்போது தொப்பி போட்டுக்கொண்டுதான் அளத்துக்குப் போகிறார், காலையில் கடையைத் திறக்கும்போது சைக்கிளில் போவது தெரியும். மருந்து எதிர்க்கடையில் வாங்குகிறார்.