ஆட்டுக்கறிக் கடையில் என்ன பதிவேடு வைக்க வேண்டும்?

கீழக்கரையில் வாப்பா நடத்திய ஆட்டுக்கறிக் கடையை இப்போது நான் பார்க்கிறேன். சின்னக் கடைதான், உணவுப் பாதுகாப்புத் துறையின் பதிவுச் சான்று மட்டும் இருக்கிறது, லைசென்ஸ் கிடையாது. போன வாரம் சோதனைக்கு வந்தவர் ஆடு எங்கே, யாரிடம் வாங்கியது, என்றைக்கு அறுத்தது என்று பதிவேடு கேட்டார், அடுத்த மாதம் மறுபடி வருவாராம்.

உச்சிப்புளிப் பக்கம் வீடுகளில் வளர்ப்பவர்களிடம்தான் வாங்குகிறோம்; பல ஆடுகளுக்குக் காதில் கால்நடைகளை அடையாளம் காணப் போடும் 12 இலக்க எண் வில்லை இல்லை, ரசீது கேட்டாலும் தர மாட்டார்கள். உணவுத் தொழிலுக்கான லைசென்ஸ், பதிவு பற்றிய 2011 விதிமுறைகளைப் படித்துப் பார்த்தேன், 4ஆம் அட்டவணையில் சுத்தம் பற்றி விளக்கமாக இருக்கிறது, ஆனால் அன்றாடக் கொள்முதல், விற்பனைக் கணக்கு லைசென்ஸ் நிபந்தனைகளில்தான் வருகிறது. ஆடிட்டர் வரிக் கணக்கோடு நிறுத்திக்கொண்டார். நம்பி வாங்குகிற சனங்களுக்காகவாவது இதை ஒழுங்காகச் செய்யணும்.

பதிவுச் சான்று மட்டும் உள்ள கடை ஒவ்வொரு ஆட்டுக்கும் சட்டப்படி எந்தெந்த விவரங்களை எழுதி வைக்க வேண்டும்?