பெட்ரோல் தீர்ந்து இறங்கிய சின்ன விமானம்: பார்த்தவர்கள், இருந்தவர்கள் சொல்லுங்கள்

பள்ளத்தூர் ஆச்சி:
தம்பி அமெரிக்காவில் லைசென்ஸ் வாங்கியவன். வாடகைக்கு எடுத்த பழைய செஸ்னா 182, நாங்கள் இரண்டே பேர். பெட்ரோல் அளவு காட்டும் கேஜ் பாதிக்கு மேல் காட்டும்போதே எஞ்சின் இருமியது, அப்புறம் சத்தமே இல்லை. தம்பி விமானத்தின் மூக்கைத் தாழ்த்தி வேகத்தைக் காப்பாற்றிக்கொண்டு வயல் தேடினான். "ஆச்சி, பெல்ட்டை இறுக்கிக்கங்க. கதவுத் தாழை எடுத்துவிடுங்க" என்றான். இறங்கும்போது விமானத்தின் உடம்பு நசுங்கினால் கதவு சிக்கிக்கொள்ளுமாம், அதற்காக. பறக்கிற விமானத்தின் கதவை என் கையால் திறந்தேன். விரல் அகல இடுக்கில் காற்று பீறிட்டு வந்தது. அறுவடையான வயலில் முன்சக்கரம் முறிந்து நின்றோம், காயம் இல்லை. ஆனால் காரைக்குடி பஸ்ஸில் கதவோரம் நின்றால் இன்றும் எனக்குக் கை நடுங்குகிறது.

காரைக்குடி மெக்கானிக்:
வளைகுடாவில் சின்ன விமானங்களுக்கு வேலை பார்த்தேன். மணலில் மூக்குக் குத்தி நின்ற ஒன்றின் டேங்கை வடித்தால் ஒரு டம்ளர்கூடத் தேறவில்லை. ஓட்டியவர் "கேஜ் காட்டுச்சே, கேஜ் காட்டுச்சே" என்றே சொல்லிக்கொண்டிருந்தார். ஆச்சி தம்பியும் அதையே சொல்வார்போல. கேஜை நம்பிக் கிளம்பவே கூடாது. இறக்கை மேல் மூடியைத் திறந்து அளவுக்குச்சி விட்டுப் பாருங்கள். மணிக்கு எவ்வளவு குடிக்கும் என்று கணக்குப் போட்டு, கடிகாரத்தைப் பார்த்துப் பறக்க வேண்டும். போய்ச் சேர்ந்த பிறகும் பகலில் 30 நிமிஷம், இரவில் 45 நிமிஷம் பறக்க மிச்சம் இருக்க வேண்டும் என்பது அமெரிக்க விதி. கணக்கிலும் அலகைப் பாருங்கள். 1983 ஜூலை 23 அன்று கனடாவில் ஒரு போயிங் 767, 22,300 கிலோ எரிபொருள் இருக்க வேண்டிய இடத்தில் 22,300 பவுண்டோடு கிளம்பியது. பாதிக்கும் குறைவு. நடுவானில் இரண்டு எஞ்சினும் நின்றன.

தேவகோட்டைக்காரன்:
மெக்கானிக் அண்ணே, எல்லாவற்றையும் ஓட்டுபவர் தலையிலேயே போடாதீர்கள். 2001 ஆகஸ்டில் அட்லாண்டிக் மேல் ஏர்பஸ் ஏ330 ஒன்றில் எரிபொருள் கசிந்து தீர்ந்தது. எஞ்சினில் பொருந்தாத பாகத்தை மாட்டியது பட்டறை ஆட்கள்தானே? அசோர்ஸ் தீவில் இறக்கி 306 பேரும் பிழைத்தார்கள்.
என் கதை சின்னது. மலேசியாவின் சரவாக்கில் சிறு விமானம், எதிர்க்காற்று பலம். "பெட்ரோல் போதாது" என்று பைலட் பாதி வழியில் திரும்பிவிட்டார். கல்யாணத்துக்கு நேரமாச்சு என்று ஒருவர் கத்தோ கத்தென்று கத்தினார். பைலட் திரும்பியே பார்க்கவில்லை. அவர் பிடரியில் வேர்வை வழிந்தது மட்டும் என் கண்ணிலேயே நிற்கிறது.

பள்ளத்தூர் ஆச்சி:
மெக்கானிக் தம்பிக்கு: குச்சி விட்டு என் தம்பி என் கண் முன்னால்தான் பார்த்தான். மூடியின் ரப்பர் வளையம் வெடித்திருந்தது. இறக்கை மேல் ஓடுகிற காற்று அந்த வழியே பெட்ரோலை உறிஞ்சிவிட்டது. டேங்குக்குள் இருக்கும் ரப்பர் பையும் மேலே இழுபட்டு கேஜின் மிதவையைத் தூக்கிவிட்டதால் முள் இறங்கவில்லை என்றார்கள். மூடியிலிருந்து இறக்கையின் பின்விளிம்பு வரை நீலக் கறை. இறக்கை தலைக்கு மேல் இருக்கிற விமானத்தில், உள்ளே உட்கார்ந்தவனுக்கு அது எப்படித் தெரியும்?

காரைக்குடி மெக்கானிக்:
நீலம் என்றால் ஏவ்காஸ், அதாவது சின்ன விமானங்களுக்கான பெட்ரோல்தான் ஆச்சி. உங்கள் தம்பியைச் சொன்னது தப்பு. அந்த வளையத்தைக் கடைசியாக எப்போது மாற்றினார்கள் என்று வாடகைக்கு விட்டவர்களிடம் கேட்டீர்களா?