ஆவிக்குரிய வாழ்வில் உங்களை வளர்த்த அனுபவம் எது?

நாசரேத்திலிருந்து

இருபத்திரண்டு வருடங்கள் எங்கள் சபையின் பாடகர் குழுவில் பாடியிருக்கிறேன். கன்வென்ஷன் கூட்டங்களில் முன்வரிசையில் முழங்காலிட்டு அழுதிருக்கிறேன். அந்தக் கண்ணீர் பொய்யில்லை. ஆனால் அதே காலத்தில், அப்பா விட்டுச்சென்ற நிலத்தைப் பங்கு வைத்ததில் மனத்தாங்கல் வந்து, உடன்பிறந்த அண்ணனோடு நான்கு வருடம் பேசாமல் இருந்தேன். ஆலயத்தில் அவர் தெற்கு வாசல் வழியாக வருவார். நான் மேற்கு வாசல் வழியாக வெளியேறுவேன்.

எங்கள் ஊரில் ஓய்வுபெற்ற உபதேசியார் ஒருவர் இருந்தார். ஆராதனை முடிந்ததும் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்று, என்னைப் பார்க்கும்போதெல்லாம் ஒன்றைத்தான் கேட்பார்: “தம்பி, அண்ணன் சுகமாக இருக்கிறாரா?” எங்கள் சண்டை ஊருக்கே தெரியும், அவருக்குத் தெரியாதா? புத்தி சொல்லவில்லை, வசனம் காட்டவில்லை. “சுகம்தான் ஐயா” என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவேன். ஏறக்குறைய ஒரு வருடம் இப்படியே போனது.

ஒரு திருவிருந்து ஞாயிறு, அப்பமும் ரசமும் பெறும் நாள். எங்கள் வரிசை எழுந்தது. எனக்குக் கால் வரவில்லை. காணிக்கையைப் பலிபீடத்தின் முன் வைத்துவிட்டு, முதலில் சகோதரனோடு ஒப்புரவாகு என்று மத்தேயு 5ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் சொல்வதை ஓய்வுநாள் பள்ளியில் மனப்பாடம் செய்து பரிசு வாங்கியவன் நான். அன்றைக்குத்தான் அது என்னிடம் சொல்லப்பட்டது. பந்தியில் சேராமல் வீட்டுக்கு வந்தேன்.

மாலையில் அண்ணன் வீட்டுக்குப் போனேன். அண்ணி கதவைத் திறந்தார்கள். அண்ணன் வெளியே வரவில்லை. இரண்டாம் முறை நான் போனபோது வெளியே வந்து, “என்ன வேண்டும்?” என்றார். மன்னிப்புக் கேட்டேன். “சரி” என்று சொல்லி உள்ளே போய்விட்டார். மூன்றாம் முறைதான் நாற்காலி போட்டார்கள்.

பலமான ஆகாரம் ‘முயற்சியினால் பயின்ற ஞானேந்திரியங்களையுடையவர்களுக்கு’ உரியது என்கிறது எபிரெயர் 5:14. நான் ‘பலமான ஆகாரம்’ என்பதை மட்டும் பிடித்துக்கொண்டு தானியேல், வெளிப்படுத்தின விசேஷம் என்று ஆழமான வேதபாடங்களைத் தேடி ஓடினேன். ‘பயின்ற’ என்ற சொல் கண்ணில் படவே இல்லை. அண்ணன் வீட்டு வாசலில் நின்ற அந்த மூன்று மாலைகள்தான் என் பயிற்சி. உங்களுக்கு எது?

மார்த்தாண்டத்திலிருந்து, செவிலியர்

திருமணத்துக்கு முன்பிருந்தே அதிகாலை நான்கு மணிக்கு எழுந்து ஜெபிப்பது என் வழக்கம். மாமிக்குப் பக்கவாதம் வந்து படுக்கையில் விழுந்த பிறகு அது நின்றுபோனது. இரவு மூன்று முறை எழுந்து அவர்களைத் திருப்பிப் படுக்க வைக்க வேண்டும். விடிந்தால் பணிக்குப் போக வேண்டும். என் ஜெபக் குறிப்பேட்டில் ஒரு வருடம் முழுக்க வெற்றுத் தாள்கள். பின்வாங்கிப்போய்விட்டேன் என்றே நினைத்தேன். மாமியின் மேல் உள்ளுக்குள் கோபமும் இருந்தது. அதை எழுதவே வெட்கமாக இருக்கிறது.

சபைப் பெண்களோடு டோனாவூருக்குப் போன நாளில்தான் அது என்னை உலுக்கியது. அங்கே ஊழியம் செய்த அயர்லாந்து மிஷனரி ஏமி கார்மைக்கேல் அம்மையார் 1895இல் இந்தியாவுக்கு வந்தவர். சொந்த நாட்டுக்குத் திரும்பவே இல்லை. 1931இல் கீழே விழுந்து அடிபட்ட பிறகு, 1951இல் இறக்கும் வரை பெரும்பாலும் அறைக்குள்ளேயே கழித்தார். ஆனாலும் எழுதினார், ஜெபித்தார். அவருடைய கல்லறைக்கு அடையாளமாக இருப்பது பறவைகள் நீர் குடிக்கும் ஒரு கல்தொட்டி. அதன் முன்னால் நின்றபோது மாமியின் முகம்தான் நினைவுக்கு வந்தது. படுக்கையில் கிடப்பவரை என் ஜெபத்துக்குத் தடையாக மட்டுமே பார்த்திருக்கிறேன்.

மறுநாள் உடம்பு துடைத்துவிடும்போது மாமியின் உதடுகள் அசைவதைக் கவனித்தேன். தினமும் அசைந்திருக்கும். குனிந்து காது கொடுத்தேன். குழறலாகப் பேரப்பிள்ளைகளின் பெயரை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். கடைசியில் என் பெயர்.

இப்போதும் நான்கு மணிக்கு எழ முடிவதில்லை. துடைத்துவிடும் அந்த அரை மணி நேரத்தில் இருவரும் சேர்ந்து ஜெபிக்கிறோம்.

தூத்துக்குடியிலிருந்து

நாசரேத் அண்ணன் சொன்ன ‘பயின்ற’ என்பதற்குக் கிரேக்க மூலத்தில் விளையாட்டு வீரர்களின் உடற்பயிற்சியைக் குறிக்கும் சொல்தான் வருகிறது. எங்கள் வேதபாட வகுப்பில் படித்தோம்.

ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். கன்வென்ஷன் கண்ணீரை யாரும் குறைத்து மதிப்பிட வேண்டாம். என் அப்பா அப்படி ஒரு கூட்டத்தில்தான் குடியை விட்டார். அதன் பிறகு ஒவ்வொரு மாலையும் மதுக்கடை இருக்கும் தெருவைத் தவிர்த்துச் சுற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். ஒன்பது வருடம்.

துபாயிலிருந்து

புத்தாண்டு ஆராதனையில் எடுக்கும் வாக்குத்தத்த அட்டைதான் பல வருடங்களாக என் வேதாகமம். ஆசீர்வாதமான வசனம் வந்தால் மகிழ்ச்சி, கண்டிப்பான வசனம் வந்தால் கலக்கம். தம்பி இறந்த வருடம் நான் எடுத்த அட்டையில் நீடித்த நாட்களைப் பற்றிய வாக்கு இருந்தது. அதைக் கிழித்துவிட்டு, சில மாதங்கள் வேதத்தைத் தொடவில்லை.

பிறகு அறைத்தோழர் ஒருவரோடு தொடக்கத்திலிருந்து ஒழுங்காக வாசிக்க ஆரம்பித்தேன். 1,189 அதிகாரங்கள், நாளுக்கு மூன்று நான்கு என்று வைத்தால் ஒரு வருடத்தில் முடியும். எங்களுக்கு இரண்டரை வருடம் ஆனது. லேவியராகமத்தில் பல வாரங்கள் திணறினோம். 88ஆம் சங்கீதத்துக்கு வந்தபோது அன்றைய பகுதியை என்னால் தாண்ட முடியவில்லை. மற்றப் புலம்பல் சங்கீதங்கள் பெரும்பாலும் முடிவில் நம்பிக்கைக்குத் திரும்பும். இது திரும்புவதில்லை; இருளிலேயே முடிகிறது. ஆனாலும் அந்த மனிதர் பேசுவது கர்த்தரிடம்தான். தம்பி போன பிறகு நான் செய்த முதல் ஜெபம் அந்தச் சங்கீதம். அட்டையில் அதை யாரும் அச்சடிப்பதில்லை.

நாசரேத்திலிருந்து

எல்லாவற்றையும் வாசித்தேன். மார்த்தாண்டம் சகோதரி, உங்கள் மாமியிடம் எங்களுக்காகவும் ஜெபிக்கச் சொல்லுங்கள். தூத்துக்குடி தம்பி, நீங்கள் திருத்தியது சரி.

உபதேசியார் ஐயா இரண்டு வருடங்களுக்கு முன் இறந்துவிட்டார். அடக்க ஆராதனையில் அண்ணனும் நானும் பெட்டியின் இரு பக்கமும் பிடித்தோம். அடுத்த மாதம் அண்ணன் மகளுக்குத் திடப்படுத்தல் ஆராதனை, சபையில் தன் விசுவாசத்தை அவளே அறிக்கையிடும் நாள். எனக்கு இன்னும் அழைப்பு வரவில்லை. அண்ணியிடம் கேட்டு, அவளுக்கு வெள்ளைச் சேலை எடுத்து வைத்திருக்கிறேன்.