பழைய ஸ்லாட் விளையாட்டு நியாயமாக இருந்ததா?

கிருஷ்ணகிரிக்காரன்:
பிரிட்டனில் ஒன்பது ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவன் நான். அங்கே உரிமம் பெற்ற ஓர் இணையதளத்தில் வார இறுதிகளில் ஸ்லாட், அதாவது பணம் கட்டிப் படச் சக்கரங்களைச் சுழற்றும் சூதாட்டம், விளையாடுவேன். நான் விரும்பி விளையாடிய ஒன்றின் விவரப் பக்கத்தில், கட்டிய பணத்தில் சராசரியாக ஆட்டக்காரருக்குத் திரும்பும் விகிதமான ஆர்.டி.பி. 96 சதவீதம் என்று இருந்தது. சில ஆண்டுகளில் அதே பெயர், அதே படங்கள், அதே இசை எல்லாம் அப்படியே இருக்க, அந்த எண் மட்டும் 92 ஆகிவிட்டது. ஒரே விளையாட்டைப் பல விகிதங்களில் தயாரித்துக் கொடுக்கிறார்கள். எதை வைப்பது என்பதைத் தளம் நடத்துபவர் முடிவு செய்கிறார். பார்வைக்கு நான்கு சதவீதம்தான். ஆனால் தளத்தின் பிடித்தம் நான்கிலிருந்து எட்டாக, அதாவது இரு மடங்காகிவிட்டது. ஒரு பவுண்டு வீதம் 500 முறை சுழற்றினால், சராசரியாக 20 பவுண்டு போன இடத்தில் 40 போகும். பல ஆண்டுகள் நம்பி வந்தவர்களுக்கு இதை ஒரு வரியில்கூட அறிவிக்காதது பெரும் அநியாயம்.

பாலக்கோட்டான்:
அண்ணா, உங்கள் கணக்கு சரி. பழைய நிலையை நியாயம் என்பதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. ஸ்லாட் முழுக்க அதிர்ஷ்ட விளையாட்டு என்பதால், 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டுச் சட்டப்படி அதைப் பணம் கட்டி விளையாடுவதே குற்றம். அப்படியிருந்தும் என் சித்தப்பா மகன், தக்காளி விற்ற பணத்தை ஏதோ ஒரு வெளிநாட்டுச் செயலியில் கட்டித் தொலைத்தான். அவனும் "முன்பெல்லாம் போனஸ் சுற்று அடிக்கடி விழுந்தது" என்றுதான் புலம்பினான். ஒவ்வொரு சுழற்சியையும் தற்செயலாக எண்களைத் தேர்ந்தெடுக்கும் கணினி நிரல் தனித்தனியாகத் தீர்மானிக்கிறது. நேற்றுத் தோற்றதற்கும் இன்று விழுவதற்கும் தொடர்பே இல்லை. ஜெயித்த இரவுகள் மட்டும் மனத்தில் தங்கிவிடுகின்றன.

கிருஷ்ணகிரிக்காரன்:
தம்பி, வீட்டில் நேர்ந்த இழப்பு எனக்குப் புரிகிறது. ஆனால் நான் பேசுவது நினைவைப் பற்றியல்ல, எழுதி வைத்திருந்த எண்ணைப் பற்றி. 2021 அக்டோபரில் பிரிட்டனின் சூதாட்ட ஆணையம் தானாகச் சுழலும் வசதியைத் தடை செய்தது. ஒரு சுழற்சிக்குக் குறைந்தது இரண்டரை வினாடி என்றும் விதித்தது. கட்டியதைவிடக் குறைவாகத் திரும்பும்போதும் வெற்றி இசை முழங்கிய வழக்கத்தையும் நிறுத்தியது. இவ்வளவு செய்தவர்கள், விகிதம் குறைவதை ஆட்டக்காரருக்கு நேரடியாகச் சொல்ல வைத்திருக்கலாமே!

பாலக்கோட்டான்:
அந்த வேக விதியே உங்கள் வாதத்தைத் திருப்பிவிடுகிறது, அண்ணா. வினாடிக்கு ஒன்று என்று சுழற்றினால் மணிக்கு 3,600 சுழற்சிகள். ஒரு பவுண்டு வீதம் கட்டினால் 96 சதவீதத்திலும் சராசரியாக 144 பவுண்டு போகும். இரண்டரை வினாடி என்றால் மணிக்கு 1,440 சுழற்சிகள்தான். 92 சதவீதத்திலும் இழப்பு சுமார் 115 பவுண்டு. அப்படியானால், நீங்கள் ஏங்கும் அந்தக் காலம்தான் விரைவாகப் பணத்தைப் பறித்தது.

கிருஷ்ணகிரிக்காரன்:
நான் நிதானமாகச் சுழற்றியவன். எனக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. ஆனால் வேகமாக ஆடியவர்களுக்குப் பொருந்தும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். எண் குறைந்த அன்றே எனக்குத் தெரிவித்திருந்தால், அன்றே கணக்கை மூடியிருப்பேன்.

பாலக்கோட்டான்:
என் தம்பியின் செயலியில் அந்த விவரப் பக்கமே இல்லை, அண்ணா.