புதுப்பிப்பு: ஜீப் சேஸிஸ் துரு, மழைக்கு அப்புறம்

வேலூர் பக்கம் அமிர்தி காட்டுப் பாதையில ஓடுற என் பழைய ஜீப்புக்கு அடியில ரப்பர் கோட்டிங் அடிக்கலாமான்னு முன்னாடி கேட்டிருந்தேன். அடிக்கலை. மழை முடிஞ்சதும் காட்பாடி ஒர்க்‌ஷாப்ல தூக்கிப் பார்த்தாச்சு.

ரப்பருக்குப் பதிலா கம்பி பிரஷ் போட்டு, ரஸ்ட் கன்வெர்ட்டர் (துருவை கெட்டியான படலமா மாத்துற திரவம்) தடவி, எபாக்ஸி பிரைமர் அடிச்ச வெளிப்பக்கம் எங்கேயும் உரியலை. (அந்த கன்வெர்ட்டர்ல டானின் இருக்கு; நம்ம பக்கம் தோல் பதனிட்ட ஆவாரம் பட்டையிலயும் டானின் உண்டு. டானின் துருவோட சேர்ந்து கறுப்பா மாறிடும்.)

பிரச்சினை சேஸிஸ்ங்கிற அடிச்சட்டத்தோட குழலுக்கு உள்ளே. சேஸிஸ் வடிகால் ஓட்டையில கம்பியை விட்டதும் செம்மண் குழம்பா வழிஞ்சுது, கூடவே துருச் செதில். ஈரமண் உள்ளே நின்னா வெளியே எத்தனை கோட் அடிச்சும் பிரயோஜனமே இல்லை. தண்ணி பீய்ச்சி, நல்லா காயவெச்சு, நீளக் குழாய் விட்டு மெழுகு ஸ்ப்ரே அடிச்சாச்சு. மெழுகு அந்த ஓட்டையை அடைச்சிடாம பாத்துக்கங்க.