ஆபீஸில் இணையத் தொலைபேசிக்கு மாறுகிறார்கள்: பார்வையற்ற எனக்கு எந்தப் போன் கேட்பது?

கேள்வி:
முகப்பில் அழைப்புகளை எடுத்து உள்ளே மாற்றிவிடுவது என் வேலை. பதினோரு வருடமாகச் செய்கிறேன். பழைய போனில் ஒவ்வொரு பொத்தானும் என் விரலுக்குத் தெரியும். அடுத்த மாதம் எல்லாம் ஐபி போன். மாதிரிக்கு வந்ததைத் தடவிப் பார்த்தேன், முழுக்கக் கண்ணாடி. 5-இன் மேல் இருக்கும் சின்ன மேடுகூட இல்லை. யார் அழைக்கிறார்கள் என்பது திரையில் வருமாம். எனக்கு எப்படித் தெரியும்? என்ன கேட்கலாம், சொல்லுங்கள்.

பதில் 1:
எனக்கும் பார்வை இல்லை, இதே வேலைதான். முதலில் ஒன்று: எல்லோருக்கும் வாங்கும் மாடலையே நீங்களும் வைத்துக்கொள்ள வேண்டியதில்லை. பெரும்பாலான ஐபி போன்கள் சிப் (SIP) என்ற, வெவ்வேறு நிறுவனக் கருவிகளும் ஒன்றோடொன்று பேச உதவும் பொது நெறிமுறையில்தான் இயங்குகின்றன. 2002-இல் வந்த வரையறைதான் இன்றும் அதற்கு அடிப்படை. உங்கள் ஆபீஸ் சர்வர் சிப்பை ஏற்கிறதா என்று கேளுங்கள். ஏற்றால் உங்கள் மேசைக்கு மட்டும் வேறு போன் வைக்கலாம்.

பொத்தான் வைத்த போன் என்றாலும் பார்த்து வாங்குங்கள். திரைக்குக் கீழே வரிசையாக இருக்கும் பொத்தான்களுக்கு நிலையான வேலை கிடையாது. மணி அடிக்கும்போது ஒன்று, பேசும்போது வேறொன்று. அழைப்பை மாற்றுவதாக நினைத்து நான் ஒருவரின் இணைப்பையே துண்டித்திருக்கிறேன். அவர் அதற்கு முன்பே மூன்று முறை முயன்றவர். அன்று முழுக்க மனசே சரியில்லை. ஹோல்டுக்கும் டிரான்ஸ்ஃபருக்கும் தனித்தனிப் பொத்தான் இருந்தே ஆக வேண்டும்.

இப்போது நான் கணினியில் சாஃப்ட்போன், அதாவது போனாக வேலை செய்யும் மென்பொருள், வைத்திருக்கிறேன். இலவசமாகக் கிடைக்கும் என்விடிஏ திரைவாசிப்பான் அழைப்பவர் பெயரைப் படிக்கிறது. ஆனால் எல்லா சாஃப்ட்போனும் உதவாது. முதலில் போட்டுப் பார்த்ததில் எந்தப் பொத்தானுக்கும் பெயரே இல்லை, "பொத்தான், பொத்தான்" என்றே வாசித்தது. அப்புறம், திரைவாசிப்பான் குரலும் வாடிக்கையாளர் குரலும் ஒரே காதில் விழுந்தால் இரண்டும் புரியாது. சாஃப்ட்போனுக்கு யுஎஸ்பி ஹெட்செட்டை வலது காதில் மட்டும் மாட்டுகிறேன். என்விடிஏவின் ஒலியைக் கணினியில் செருகிய தனி இயர்போனுக்கு அனுப்பி இடது காதில் வைத்திருக்கிறேன். பழக ஒரு வாரம் ஆனது.

"எல்லாம் படிக்கும்" என்று விற்பவர் சொல்வதை நம்ப வேண்டாம். உண்மையான அழைப்பு ஒன்றை எடுத்து, ஹோல்டில் வைத்து, உள்ளே மாற்றி, அங்கே யாரும் எடுக்காவிட்டால் திரும்ப வாங்கிப் பாருங்கள். மவுஸைத் தொடவே கூடாது.

பதில் 2:
நான் நெட்வொர்க் பார்ப்பவன். ஆஸ்டரிஸ்க் மாதிரி எக்ஸ்சேஞ்ச் மென்பொருள் என்றால், பேச்சின் நடுவே எண்களை அழுத்தியே அழைப்பை மாற்றும்படி அமைக்கலாம். உள் அழைப்புக்கும் வெளி அழைப்புக்கும் வேறு வேறு மணியோசை வைப்பதையும் பல போன்கள் ஏற்கும். உங்கள் ஆட்களிடம் இந்த இரண்டையும் பெயர் சொல்லியே கேளுங்கள்.

பதில் 3:
எனக்கு ஓரளவு பார்வை உண்டு. சாஃப்ட்போனை மட்டும் நம்பாதீர்கள். கணினி உறைந்துபோனால் போனும் போய்விடும். பக்கத்தில் பொத்தான் போன் ஒன்று இருக்கட்டும்.

கேட்டவர்:
ரொம்ப நன்றி. விசாரித்துவிட்டேன், சர்வர் சிப்பை ஏற்கிறதாம். டிரான்ஸ்ஃபர் பொத்தான் தனியாக உள்ள போன் ஒன்றை நாளை கொண்டுவருகிறார்கள். தொட்டுப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.