ஆம்புலன்ஸ் பணியிலிருந்து திட்ட ஒருங்கிணைப்புக்கு மாறலாமா?

தேவாலாவாசி:
வணக்கம். நீலகிரியின் பந்தலூர்ப் பகுதியில் 108 ஆம்புலன்ஸில் ஐந்து ஆண்டுகளாக மருத்துவ உதவியாளராகப் பணியாற்றுகிறேன், நர்சிங் பட்டதாரி. 12 மணி நேரப் பணியும் கொண்டை ஊசி வளைவுகளும் முதுகைப் பதம் பார்த்துவிட்டன. பழங்குடிக் கிராமங்களில் அவசர சிகிச்சையையும் சமூக நலப் பணிகளையும் இணைத்து நடத்தும் திட்டம் ஒன்றுக்கு ஒருங்கிணைப்பாளர் தேவை என்று அறிந்தேன். அதற்கு மருத்துவமனை நிர்வாகத்தில் எம்.பி.ஏ. படிக்க வேண்டுமா, பி.எம்.பி. என்னும் திட்ட மேலாண்மைச் சான்றிதழ் போதுமா?

கோத்தகிரிக்காரி:
தம்பி, பி.எம்.பி. தேர்வு எழுதவே பட்டதாரிகளுக்குத் திட்டங்களை வழிநடத்திய 36 மாத அனுபவமும் 35 மணி நேரப் பயிற்சியும் வேண்டும். நோயாளியோடு வண்டியில் சென்ற ஆண்டுகள் அந்தக் கணக்கில் சேரா. அனுபவம் கேட்காத, அதே துறையின் தொடக்க நிலைத் தேர்வான சி.ஏ.பி.எம்.மை இப்போது எழுதலாம். ஆனால் இந்த வேலையின் சூட்சுமம் சான்றிதழில் இல்லை.

நான் ஒருங்கிணைப்பாளராக இருந்தபோது, அழைப்பு வந்த அரை மணிக்குள் வாகனம் சேர்ந்துவிடுகிறது என்று எங்கள் காலாண்டு அறிக்கையில் பெருமையாக எழுதியிருந்தோம். ஒரு காட்டுநாயக்கர் பழங்குடிக் குடியிருப்பில் விசாரித்த பிறகுதான், பிரசவ வலி கண்ட பெண்ணின் கணவர் சிக்னல் கிடைக்கும் மேட்டுக்கு ஏறவே முக்கால் மணி நேரம் ஆனதும், அந்தப் பெண்ணைக் கம்பளியில் தொட்டில் கட்டித் தேயிலைத் தோட்டத்தின் வழியே சாலைக்குச் சுமந்து வந்ததும் தெரிந்தன. எங்கள் கடிகாரம் ஓடத் தொடங்கியதே அழைப்பு பதிவான பிறகுதான். அடுத்த ஆண்டு இன்னொரு வாகனம் கேட்பதை விட்டுவிட்டு, நாள் நெருங்கிய கர்ப்பிணிகளை முன்கூட்டியே பிரசவக் காத்திருப்பு அறைக்கு அழைத்து வரும் ஏற்பாட்டுக்குப் பணத்தை மாற்றினோம். நிதி கொடுத்தவர்களுக்கு இது பிடிக்கவில்லை. வாகனம் என்றால் பெயர் எழுதிப் படம் எடுக்கலாம் அல்லவா?

வில்பட்டியான்:
அம்மா சொல்வதை மறுக்கவில்லை, ஆயினும் எம்.பி.ஏ.வை அடியோடு ஒதுக்க வேண்டாம். நிதி பெரும்பாலும் நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதியிலிருந்து வருகிறது. மார்ச் 31க்குள் செலவுக் கணக்கும் பயன்பாட்டுச் சான்றிதழும் கேட்பார்கள். வரவு செலவுத் தலைப்புகள் புரியாமல் நான் முதல் ஆண்டில் திண்டாடினேன். வேலையில் இருந்தபடியே தொலைதூரக் கல்வியில் படியுங்கள். திட்ட அட்டவணையை மலைக்குத் தக்கபடி போடவும் பழகுங்கள்: எங்கள் கொடைக்கானலில் ஏப்ரல், மே சீசனில் வத்தலக்குண்டு மலைப்பாதை நெரிசலில் திணறும், ஐப்பசி மழையில் மண் சரியும். உங்கள் பக்கமோ தென்மேற்குப் பருவமழை. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கு மேல் பெய்ததை மறந்திருக்க மாட்டீர்கள். பயிற்சி முகாமை அந்த மாதங்களில் வைத்தால் ஆள் வராது.

தேவாலாவாசி:
இருவருக்கும் நன்றி. அழைப்பு பதிவாவதற்கு முந்தைய நேரத்தை நான் இதுவரை யாரிடமும் கேட்டதில்லை. நேற்றிரவு சேரம்பாடிப் பக்கம் சென்றபோது நோயாளியின் அண்ணனிடம் கேட்டேன். "அதையெல்லாம் யார் பார்த்தார்கள், நிலா மறைந்திருந்தது" என்றார். அதையே என் சொந்தக் குறிப்பேட்டில் எழுதி வைத்திருக்கிறேன். விண்ணப்பத்தைத் திங்களன்று அனுப்புகிறேன்.